விசில் சத்தமும் லத்திச் சத்தமும்

1990-இல் ‘புலன் விசாரணை’ வந்தபோது எங்கள் ஊர்க் கொட்டகையில் தரை டிக்கெட்கூடக் கிடைக்கவில்லை. ஆட்டோ சங்கர் கொலை வழக்கைப் பேப்பரில் வரிவரியாகப் படித்திருந்த ஊர். அதன் சாயலில் ஒரு கதை, அதுவும் விஜயகாந்த் போலீஸ் என்றால் விடுவார்களா? திரையில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் விசில் பறந்தது. “இப்படி நாலு போட்டாத்தான் உண்மை வெளிய வரும்” என்றார் பெரியப்பா. கொட்டகை முழுக்க அப்படித்தான் நம்பியது.

2016-இல் ‘விசாரணை’யை மதுரையில் பார்த்தேன். அதே லத்திச் சத்தம்தான். விசில் மட்டும் ஒன்றுகூட இல்லை. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், குண்டூரில் தான் பட்ட சித்திரவதையை ‘லாக்கப்’ என்ற நாவலாக எழுதினார். வெற்றிமாறன் அதிலிருந்து படம் எடுத்தார். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி, பிழைக்கப்போன பையன்களை அடிக்கிறார்கள். அடிப்பவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த கேமரா, அடிபடுகிறவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் பார்த்த தமிழ் சினிமாவில் இதைவிடப் பெரிய மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

சினிமாவில் கருத்து சொல்வது புதுப் பழக்கம் அல்ல. 1954-இலேயே எஸ். பாலசந்தர் ஒரு பாட்டும் இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவனுக்கு எதிராக மனைவியே துப்பாக்கியைத் தூக்குகிறாள். கருத்து முழுவதும் அந்தச் செயலிலேயே இருந்தது. இன்றைய நாயகர்கள் பலர் கடைசி ரீலில் கதையை நிறுத்திவைத்துப் பிரசங்கம் செய்கிறார்கள். கைதட்டல் கிடைக்கிறது, ஆனால் படத்தின் உண்மையான கருத்து, குற்றவாளி என்று யாருடைய முகத்தைக் காட்டுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலைக் கொள்ளையர் வழக்கை வைத்து வந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ (2017) விறுவிறுப்பான படம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சமூகத்தையே கொள்ளைக் கும்பலாகக் காட்டுகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. எழாமல் எப்படி இருக்கும்? 1871-இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920-இல் பெருங்காமநல்லூரில் மக்கள் குண்டடிபட்டுச் செத்த மண் இது.

‘ஜெய் பீம்’ 2021-இல் வந்தது. 1993-இல் நடந்த ஒரு லாக்கப் மரணத்தில் கணவனை இழந்த பெண்ணின் கதை. நிஜத்தில் அவளுக்காக வழக்கை நடத்தியவர், பின்னாளில் நீதிபதியான சந்துரு. வீட்டில்தான் பார்த்தோம். முடிந்ததும் அம்மா கேட்டாள்: “அந்தப் பொண்ணு இப்ப எப்படிடா இருக்கா?” படத்தில் இருளர் குடும்பம். நிஜத்தில் அவர்கள் குறவர் சமூகத்தினர். அம்மா யாரைப் பற்றிக் கேட்டாளோ, அந்தப் பெண்ணின் சமூகமே திரையில் இல்லை. நான் மதிக்கும் படம் அது. அதனாலேயே இந்தக் குறை உறுத்துகிறது.

கதைக்காக மாற்ற வேண்டியிருக்கலாம். ‘உண்மைச் சம்பவம்’ என்று முதல் கார்டு போடும் இயக்குநர்களே, எதை மாற்றினீர்கள் என்று கடைசியிலும் ஒரு கார்டு போடுங்கள்.