பாட்டை வென்றவர்கள்

எடின்பரோ பல்கலைக்கழக மாணவர் சங்கத்தாரே, உங்களுக்குச் சேர வேண்டிய புகழ் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. ராபின் திக் பாடிய ‘பிளர்டு லைன்ஸ்’ இனி எங்கள் கட்டடங்களில் ஒலிக்காது என்று 2013 செப்டம்பரில் பிரிட்டனிலேயே முதலாவதாக அறிவித்தவர்கள் நீங்கள். லீட்ஸ், டெர்பி, கிங்ஸ்டன், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் என்று இருபதுக்கும் மேற்பட்ட மாணவர் சங்கங்கள் உங்கள் வழியில் வந்தன. அப்போது எழுந்த இரைச்சலில் ஒரு சாரார் உங்களைத் தணிக்கைக்காரர்கள் என்று ஏசினார்கள்; மறு சாரார் பெண்களின் காவலர்கள் என்றார்கள். நீங்கள் செய்து முடித்தது என்ன என்பதை நிதானமாக எடுத்துச் சொல்ல இரு தரப்பிலும் ஆளில்லை. நான் சொல்கிறேன்.

முதல் புகழ் உங்கள் காதுக்கு. அந்த ஆண்டு பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற பாட்டு அது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 12 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. தாளம் அப்படி, இடுப்பு தானாக அசையும். அசைந்தவர்களில் பெரும்பாலோர் சொற்களைக் காதில் வாங்கவில்லை. நீங்கள் வாங்கினீர்கள். அவள் வாய் திறந்து சம்மதம் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்னும் தொனியில் ஓர் ஆண் விடாமல் பாடுவதும், நடுவே ராப் பாட வரும் டி.ஐ. அவள் உடம்பை என்ன செய்வேன் என்று பீற்றிக்கொள்வதும் உங்களுக்கு உறைத்தது. கோட்டும் சூட்டுமாக ஆண்கள் நிற்க, மேலாடைகூட இல்லாமல் பெண்கள் அவர்களைச் சுற்றி வரும் காணொளியின் கணக்கும் உங்களுக்குப் புரிந்தது. அந்த வகையில் உங்கள் காது சரியாகவே கேட்டது. அந்தப் பாட்டு அருவருப்பானது என்பதில் எனக்கும் ஐயமில்லை.

எதிரியைத் தேர்ந்தெடுத்ததில்தான் உங்கள் மதிநுட்பம் முழுதாகத் துலங்குகிறது. வளாகத்தில் வன்புணர்வை இயல்பாக்கும் போக்கையும் ஆண்பிள்ளைக் கும்பலின் அசிங்கப் பேச்சையும் ஒழிப்பதே உங்கள் சங்கத்தின் கொள்கை. அதற்கு எதிரிகளுக்கா பஞ்சம்? விடுதி அறையில் எல்லை மீறியவன் இருந்தான். மறுநாள் அவன் தோளைத் தட்டிச் சிரித்த நண்பர்கள் இருந்தார்கள். புகாரோடு வந்த பெண்ணைக் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்லிக் கதவைக் காட்டும் நிர்வாகம் இருந்தது. இவர்கள் எல்லாம் திருப்பிப் பேசுவார்கள், வக்கீல் வைப்பார்கள், அடுத்த சங்கத் தேர்தலில் உங்களுக்கு எதிராக வாக்குப் போடுவார்கள். பாட்டு அதையெல்லாம் செய்யாது. ஒலியின் குமிழைத் திருகினால் அடங்கிவிடும். உங்கள் டிஜே ஒரே விரலால் முடித்துவைத்த போர் அது. ஒருவருக்கும் காயமில்லை, சங்கத்துக்குக் காசு செலவில்லை, ராபின் திக்குக்குக்கூட நஷ்டமில்லை.

அதியமானின் தூதாகப் போய்த் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த ஔவை, வேல்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் மினுங்க, காவலில் பத்திரமாக இருப்பதைச் சொன்னாள். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. உங்கள் தடைத் தீர்மானத்திலும் இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

பட்டறைக்குப் போயிருக்க வேண்டிய வேலும் உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. பிரிட்டனின் தேசிய மாணவர் சங்கமே 2010இல் ‘ஹிட்டன் மார்க்ஸ்’ என்ற ஆய்வை வெளியிட்டிருந்தது. பதில் சொன்ன மாணவிகளில் ஏழு பேருக்கு ஒருவர், படிக்கும் காலத்திலேயே கடுமையான உடல் தாக்குதலையோ பாலியல் தாக்குதலையோ அனுபவித்தவர். கடுமையான பாலியல் தாக்குதலுக்கு ஆளானவர்களில் அதைத் தம் கல்வி நிறுவனத்திடம் சொன்னவர்கள் நூற்றுக்கு 4 பேர். காவல்துறையிடம் சொன்னவர்கள் 10 பேர். மற்றவர்கள் இந்த இரண்டு இடத்திலும் சொல்லவே இல்லை. நம்பமாட்டார்கள், நம்மையே குறை சொல்வார்கள் என்ற பயம்.

சொன்னவர்களுக்குத்தான் என்ன கிடைத்தது? 1994இல் கிரஹாம் ஜெல்லிக் தலைமையிலான குழு பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வகுத்துக் கொடுத்திருந்தது. வன்புணர்வு போன்ற கொடிய குற்றம் பற்றிப் புகார் வந்தால், விஷயம் காவல்துறைக்குப் போகாதவரை பல்கலைக்கழகம் தானாக உள்விசாரணை நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். காவல் நிலையம் ஏற மனமில்லாத பெண், தன்னைத் தாக்கியவனோடு அதே வகுப்பில், அதே நூலகத்தில், அதே உணவுக்கூடத்தில் படிப்பை முடிக்க வேண்டியதுதான். 2013இல் நீங்கள் பாட்டை நிறுத்திய அன்று அந்த வழிகாட்டுதல் நடப்பில் இருந்தது. பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு அதைக் கைவிட்டுப் புதிய பரிந்துரைகளை வெளியிட்டது 2016 அக்டோபரில். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் உங்கள் நடனக்கூடம் மட்டும் தூய்மையாக இருந்தது.

இனி, தணிக்கையா இல்லையா என்ற வழக்கு. இதில் உங்கள் வாதத் திறமையையும் பாராட்டியாக வேண்டும். எங்கள் இடத்தில் எந்தப் பாட்டைப் போடுவது என்பது எங்கள் உரிமை, வெளியே போய் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், அரசா தடை போட்டது என்று கேட்டீர்கள். சட்டப்படி நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. 1737 முதல் 1968 வரை பிரிட்டனில் லார்டு சேம்பர்லைன் என்ற அரண்மனை அதிகாரி நாடகப் பிரதியைப் படித்துப் பார்த்து அனுமதி தந்தால்தான் அது மேடையேற முடியும். உங்களிடம் அந்தக் கோல் இல்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்ட ஒருவரையும் நீங்கள் தடுக்கவில்லை.

ஆனாலும் அது யாருடைய இடம்? சேர்க்கை முடிந்ததும் மாணவர் தாமாகவே உறுப்பினராகிவிடும் சங்கம் அது. தேநீர்க் கடைக்காரர் தனக்குப் பிடிக்காத பாட்டை அணைப்பது அவர் ரசனை. நீங்கள் ரசனை பேசவில்லை. இந்தப் பாட்டு சொல்லும் கருத்து கேட்பவர்களைக் கெடுக்கும், ஆகவே அவர்கள் இங்கே கேட்கக் கூடாது என்று, கேட்பவர்களுக்குப் பதிலாக நீங்கள் முடிவெடுத்தீர்கள். அதிகாரம் சிறியது, எல்லை சிறியது, செயல் தணிக்கைதான். நோக்கம் நல்லது என்பதால் பெயர் மாறாது. 1745இல் உங்கள் ஊர்ப் பாதிரிமார்களும் மாணவர்கள்மேல் அக்கறை கொண்டுதான் டேவிட் ஹியூமுக்கு ஒழுக்கத் தத்துவப் பேராசிரியர் பதவி கிடைக்காதபடி எதிர்த்து நின்றார்கள்.

பதினெட்டு வயதுப் பெண் உங்கள் மதுக்கூடத்தில் பியர் வாங்கலாம். நாடாளுமன்றத்துக்கு வாக்குப் போடலாம். ஒரு பாட்டைக் கேட்டு, சீ என்று சொல்லும் தகுதி மட்டும் அவளுக்கு இருப்பதாக நீங்கள் நம்பவில்லை. அவளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அவளைச் சிறுபிள்ளையாக்கியது எனக்குப் பொறுக்கவில்லை.

பாட்டுக்கு விளம்பரம் தேடிக்கொடுக்கும் ஒரு நீண்ட பிரிட்டிஷ் மரபையும் நீங்கள் காப்பாற்றினீர்கள். 1977இல் செக்ஸ் பிஸ்டல்ஸின் ‘காட் சேவ் த குயின்’ பாட்டை பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. அது பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. 1984இல் ‘ரிலாக்ஸ்’ பாட்டுக்கும் அதே கதி. அது முதலிடத்துக்கே ஏறியது.

அதே 2013இல் உலகத்தின் மறுகோடியில் வேறு சில மாணவிகள் வேறு வழி கண்டார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகச் சட்ட மாணவிகள் அவர்கள். ராபின் திக்கின் மெட்டை எடுத்து, அதன்மேல் தங்கள் சொற்களை ஏற்றி, ‘டிஃபைன்ட் லைன்ஸ்’ என்ற பகடிப் பாட்டைச் செய்தார்கள். இப்போது பெண்கள் உடுத்திக்கொண்டு பாடினார்கள், உள்ளாடையோடு சுற்றி வந்தவர்கள் ஆண்கள். மூலப் பாட்டு எங்கே வலிக்க வேண்டுமோ அங்கே அது வலித்தது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அதன்பின் பழைய பாட்டைப் பழையபடி கேட்டிருக்க முடியாது.

அந்தப் பகடிக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? ஆபாசமானது என்று புகார் போக, யூடியூப் அதை நீக்கிவிட்டது. பிறகு எதிர்ப்பு வந்ததும் திரும்ப ஏற்றியது. பெண்ணை இழிவு செய்த பாட்டு கோடிகளைக் குவித்துக்கொண்டிருந்த வேளையில், அதற்குப் பெண்கள் கொடுத்த பதில்தான் மேடையிலிருந்து இறக்கப்பட்டது. மனம் புண்படுகிறது, ஆகவே நிறுத்து என்ற அந்தப் பொத்தானை நீங்கள் மட்டும் அழுத்துவதில்லை. உங்களைப் பிடிக்காதவர் விரலுக்கும் அது எட்டும். பெண்கள் கூட்டம் போட்டுப் பேசினாலும், கருக்கலைப்பு உரிமைக்காகச் சுவரொட்டி ஒட்டினாலும், அதையும் கண்டு புண்படுகிறவர்கள் எந்த வளாகத்திலும் உண்டு. அவர்களுக்கும் நாளை அதே வாதம்தான் கைகொடுக்கும்.

பாட்டை எழுதியவர்களில் ஒருவரான ஃபாரெல் வில்லியம்ஸ், பெண்களை ஏமாற்றிப் பயன்படுத்திக்கொள்ளும் ஆண்கள் பேசும் மொழி அந்தப் பாட்டில் இருப்பதைத் தாம் பிற்பாடு உணர்ந்ததாக 2019இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வரிகள் வேதனையானவை என்று பெண்கள் எழுதினார்கள், பேசினார்கள், பாடினார்கள். அது அவர் காதில் விழுந்தது. அந்த விவாதத்தில் உங்கள் குரலும் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். நீங்கள் பேசிய பேச்சுக்கு அதில் பங்கு உண்டு. டிஜேயின் குமிழுக்கு இல்லை.

இன்று அந்தச் சங்க நாற்காலிகளில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பாட்டு வரும். இதைவிடக் கேவலமாகவே வரலாம். அதைத் தடை செய்யும் தீர்மானத்தைக் கொண்டுவருவதற்கு முன், ஆண்டுதோறும் எத்தனை பாலியல் தாக்குதல் புகார்கள் வந்தன, எத்தனை விசாரிக்கப்பட்டன, எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்ற கணக்கைப் பல்கலைக்கழகம் பெயர்களின்றி வெளியிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். நிர்வாகம் மறுத்தால் துணைவேந்தர் அலுவலக வாசலில் போய் உட்காருங்கள். பாட்டு பாட்டுக்கு ஒலிக்கட்டும்.