ராக்கெட்டுக்குச் செண்டை, தொலைநோக்கிக்குச் சில்லறை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், பெருமாட்டி. மலையாளத்தில் பில் போட்டுத் தமிழில் பாக்கி கேட்கிற ஊர். டீக்கடை பெஞ்சில் இருவர். ஒருவர் வானியல் ஆய்வகத்தில் உழைத்து ஓய்வு பெற்று, பூர்விக வீட்டுக்குத் திரும்பியவர். ஊருக்கு அவர் ‘சார்’. இன்னொருவர் தேங்காய்த் தரகர். விண்வெளி விழாக் கமிட்டியின் செயலாளர், பொருளாளர் இரண்டும் அவரே. உற்றுப் பார்த்தால் கமிட்டியும் அவரேதான். ஆட்கள் கற்பனை. கோடிகள் கற்பனை அல்ல.

தரகர்: சாரே, நோட்டீஸ் அச்சாயிடுச்சுங்க. நீங்கதான் முக்கிய விருந்தினர், எம்.பி. வரலைன்னா. வந்துட்டா உங்களுக்கு வாழ்த்துரை.

சார்: எதுக்கு விழா?

தரகர்: என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க! நம்ம நெம்மாறைக்காரர் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் ககன்யான் விண்வெளி வீரரா வந்திருக்காரு. 2024 பிப்ரவரியில பிரதமரே திருவனந்தபுரத்துக்கு வந்து, தேர்வான நாலு பேருக்கும் சட்டையில சிறகு குத்திவிட்டாரு. அந்தப் பக்கம் பார்த்தா, பொள்ளாச்சிக்குப் பக்கத்துல கோதவாடி. சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை ஊரு. ரெண்டுக்கும் நடுவுல இருந்துக்கிட்டு நாம சும்மா இருந்தா ஊர் சிரிக்காதுங்களா?

சார்: சரி, செலவு எவ்வளவு?

தரகர்: ஒரு லட்சம். (சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுக்கிறார். ஒரு பக்கம் தேங்காய்க் கணக்கு, மறு பக்கம் விண்வெளி.) செண்டை மேளம் 35,000. ஃபிளக்ஸ் 22,000. தெர்மோகோல் ராக்கெட் 18,000. வெடி 15,000. பாயசம் 9,360.

சார்: வானத்தைப் பார்க்கிறதுக்கு?

தரகர்: வெடி போட்டா எல்லாரும் மேலதானுங்க பார்ப்பாங்க.

சார்: தொலைநோக்கியைக் கேட்கிறேன்.

தரகர்: கடைசி வரியில இருக்குங்க. 640 ரூபாய்.

சார்: அந்தக் காசுக்கு அதை மூடி வைக்கிற உறைகூட வராது. எந்தக் கணக்கு இது?

தரகர்: உங்க கணக்குத்தானுங்க. போன வாரம் இதே பெஞ்சுல உட்கார்ந்து சொன்னீங்களே, நம்ம நாடு மொத்த உற்பத்தியில 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குச் செலவு பண்ணுதுன்னு. லட்சத்துக்கு 0.64 சதவீதம் போட்டுப் பாருங்க. தேசியக் கொள்கையை மீற ஒரு ஊர்க் கமிட்டிக்கு அதிகாரம் உண்டுங்களா?

சார்: (கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.) அது 2020-21 கணக்கு. சீனா 2.4 சதவீதத்துக்கு மேலே. தென் கொரியா ஐந்தை நெருங்குது. நாம ஒரு சதவீதத்தைத் தொடப்போறோம், தொடப்போறோம்னு நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து கேட்கிறேன்.

தரகர்: அந்த 640 கையில முழுசா வருங்களா?

சார்: வராது. ஆராய்ச்சி நிலையம் வாங்குற கருவிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்னு ஒரு சலுகை இருந்தது. 2022 ஜூலையில் அதை எடுத்துட்டாங்க. 18 ஆயிடுச்சு.

தரகர்: அப்போ 115 ரூபாய் 20 பைசா அங்கேயே போச்சு. கவர்மெண்ட்டு கொடுத்த காசுல கவர்மெண்ட்டுக்கே வரி. சாரே, தேங்காய் வியாபாரத்துல நாங்ககூட இந்த வித்தையை இன்னும் கத்துக்கலைங்க.

சார்: இன்னும் கேளுங்க. ஆராய்ச்சிக்கு வந்த மானியத்துக்கே ஜிஎஸ்டி கட்டுன்னு 2024-ல் டில்லி ஐஐடி வரைக்கும் நோட்டீஸ் போச்சு. கூச்சல் கிளம்பின பிறகு, அந்த செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி விலக்கு கொடுத்தது. அறிவியலுக்குக் கிடைச்ச வெற்றின்னு நாங்க ஸ்வீட் எடுத்துக்கிட்டோம். புதுசா ஒரு பைசா வரலை, இருந்தது போகலை, அவ்வளவுதான்.

தரகர்: கோவிச்சுக்காதீங்க சாரே. தப்பு உங்க பேருலயும் இருக்குது. ராக்கெட்டு கிளம்பினா சத்தம் வருது, புகை வருது, டிவியில எண்ணுறாங்க, நமக்குப் புல்லரிக்குது. நெம்மாறை வல்லங்கி வேலைத் திருவிழாவுல ரெண்டு ஊரும் போட்டி போட்டு வெடி வைக்கிறப்போ, எந்தப் பக்கம் அதிர்ந்துச்சுன்னுதான் ஜனம் கேட்கும். உங்க தொலைநோக்கியில என்ன சத்தம் வருது?

சார்: சத்தம் வந்தா ரிப்பேர்னு அர்த்தம்.

தரகர்: அதைத்தான் சொல்றேன்.

சார்: ராக்கெட்டுன்னா எனக்குப் பிடிக்காதுன்னு நினைச்சுக்காதீங்க. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் விக்ரம் லேண்டர் இறங்கினப்போ நான்தான் முதல்ல எழுந்து கை தட்டினேன். சுமார் 615 கோடியில் நிலவின் தென் துருவப் பக்கம் இறங்கினது சாதாரணக் காரியமா? திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ஆனா ராக்கெட் ஒரு லாரி. நல்ல லாரி, மைலேஜ் கொடுக்கிற லாரி. லாரிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டுறீங்களே, அதுல என்ன சரக்கு ஏறணும்னு யோசிக்கிற ஆளுக்கு மாசச் சம்பளம் உண்டான்னு கேட்டீங்களா?

தரகர்: இல்லைங்களா?

சார்: ஆராய்ச்சி மாணவனுக்கு உதவித்தொகை 37,000 ரூபாய், 2023-லிருந்து. தொகையில குறை சொல்ல மாட்டேன். மாதாமாதம் வரணும். ஐந்தாறு மாசம் வராம, வாடகைக்குக் கைமாத்து வாங்கிக்கிட்டுப் பிரபஞ்சம் விரிவடைகிற வேகத்தைக் கணக்குப் போடுற பசங்க நாடு முழுக்க இருக்காங்க.

தரகர்: அப்போ ககன்யானுக்கு மட்டும்?

சார்: 2018-ல் 9,023 கோடி. 2024-ல் விரிவுபடுத்தி 20,193 கோடி. அதே நாட்டில், அண்டத்தில் எங்கேயோ ரெண்டு கருந்துளை மோதினா அந்த ஈர்ப்பலையை இங்கே பிடிக்க ‘லிகோ’ன்னு ஒரு ஆய்வகம். மகாராஷ்டிராவில் ஹிங்கோலி. 2016 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் சம்மதம் கொடுத்தது. பணத்துக்கு ஒப்புதல் எப்போ? 2023 ஏப்ரல். 2,600 கோடி. கொள்கையிலிருந்து பணத்துக்கு வர ஏழு வருஷம். நிலவுக்கு நாற்பது நாளில் போயிட்டோம்!

தரகர்: வழியில டிராஃபிக் இல்லைங்களே.

சார்: லடாக்கில் பாங்காங் ஏரிக்கரையில் 2 மீட்டர் சூரியத் தொலைநோக்கி வைக்கணும்னு பத்து வருஷத்துக்கும் மேலா பேச்சு. அதைக் கேட்க நமக்கு என்ன தகுதி தெரியுமா? கோடைக்கானல்ல நூறு வருஷத்துக்கும் மேலா சூரியனைப் படம் பிடிச்சுத் தகட்டில் சேர்த்து வச்சிருக்கோம். சூரியப் புள்ளியில வாயு எப்படி ஓடுதுன்னு எவர்ஷெட் 1909-ல் கண்டது அந்த மலையிலதான். ரெண்டு உலகப் போருக்கும் அந்த வேலை நிற்கலை. ஆதித்யா-எல்1 போச்சே, அதுல இருக்கிற முக்கியமான கருவியைக் கட்டினது அதே நிறுவனத்து ஆட்கள், இந்திய வானியற்பியல் நிறுவனம். ராக்கெட்டை ஊரே பார்த்தது. கருவியை எத்தனை பேர் கேட்டாங்க?

தரகர்: நான் கேட்கலைங்க. ஒத்துக்கிறேன். ஆனா அமெரிக்காவுல எல்லாம் சரியா நடக்குதுங்களே?

சார்: அங்கேயும் இதே கதை. 2025-ல் வெள்ளை மாளிகை போட்ட பட்ஜெட் பரிந்துரையில நாசாவின் அறிவியல் பிரிவுக்குக் கிட்டத்தட்டப் பாதி வெட்டு. நிலவுக்கும் செவ்வாய்க்கும் ஆள் அனுப்புற கணக்கில் மட்டும் ஏற்றம். கொடி நடுறதுக்கு எந்த நாட்டிலும் பஞ்சம் வராது.

தரகர்: (டீ கிளாஸை வைத்துவிட்டு) இப்போ நான் ஒண்ணு கேட்கிறேன். சந்திரயான்-1 சந்திரன்ல தண்ணி இருக்குதுன்னு கண்டுபிடிச்சுச்சா?

சார்: ஆமா. 2009-ல் அறிவிச்சாங்க.

தரகர்: இந்தா, இதே பஞ்சாயத்துல பிளாச்சிமடை. 2000-ல கோகோ கோலா கம்பெனி வந்துச்சு, கிணத்துத் தண்ணி கெட்டுச்சு. 2003-ல பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டேன்னுச்சு. 2004-ல கம்பெனி நின்னுச்சு. 2010-ல கேரள அரசு வச்ச உயர்மட்டக் குழு நஷ்டத்தைக் கணக்குப் போட்டு 216 கோடியே 26 லட்சம்னு சொன்னுச்சு. 2011-ல சட்டசபை தீர்ப்பாயத்துக்கு மசோதா நிறைவேத்தி டில்லிக்கு அனுப்புச்சு. ஒப்புதல் வரலைங்க. நீங்க ஆறு மாச உதவித்தொகைக்கு அழறீங்க. நாலு லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தண்ணியைக் கண்டுபிடிச்ச நாட்டுக்கு, பிளாச்சிமடைக் கிணத்துல இருந்த தண்ணி எங்க போச்சுன்னு தெரியலைங்களே?

சார்: (கொஞ்ச நேரம் பேசவில்லை.) தெரியும். நிலத்தடி நீரை வானத்திலிருந்தே எடை போடலாம். ‘கிரேஸ்’னு ரெண்டு செயற்கைக்கோள். பூமியின் ஈர்ப்பில் வர்ற சின்ன மாற்றத்தை வச்சு, வடமேற்கு இந்தியாவில் 2002-லிருந்து 2008-க்குள் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போயிடுச்சுன்னு 2009-ல் சொன்னாங்க.

தரகர்: அது பிளாச்சிமடையைப் பார்க்குங்களா?

சார்: பார்க்காது. மாநிலம் மாநிலமாத்தான் அதுக்குத் தெரியும். ஒரு பஞ்சாயத்துக் கிணறு தெரியணும்னா இங்கேயே கிணறு கிணறா மானி வைக்கணும், மாசாமாசம் ஆள் வந்து அளக்கணும். அதுவும் அறிவியல்தான். அதுக்கும் செண்டை கிடையாது. நீங்க என்னை எதிர்த்துப் பேசுறதா நினைக்கிறீங்க; ரெண்டு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடவேண்டியவங்க.

தரகர்: மனுன்னதும் ஞாபகம் வந்துச்சு. விழா அன்னிக்கே எம்.பி. ஹைமாஸ்ட் லைட்டையும் திறந்து வைக்கிறாரு. மைதானத்து நடுவுல. பகல் மாதிரி இருக்கும்!

சார்: நட்சத்திரம் பார்க்கக் கூப்பிட்டுட்டு ஹைமாஸ்ட் போடுறீங்களா?

தரகர்: நட்சத்திரத்தை எம்.பி. திறந்து வைக்க முடியாதுங்களே. லைட்டுல பேர் எழுதலாம்.

சார்: ஒரு மணி நேரம் அணைச்சு வையுங்க. நான் ஒரு பழைய கருவியைக் கொண்டுவர்றேன், வாடகை வேண்டாம். சனியின் வளையத்தைக் காட்டுறேன்.

தரகர்: அணைச்சா ஃபிளக்ஸ் தெரியாதுங்க. சரி, கமிட்டியில வைக்கிறேன். (தானே யோசித்துவிட்டு) கமிட்டி அரை மணி நேரம்னு முடிவு பண்ணியிருக்குது. அப்புறம் எம்.பி.கிட்ட என்ன கேட்கணும்னு சொல்லுங்க, மனுவுல எழுதிக்கிறேன்.

சார்: எழுதுங்க. ஆராய்ச்சிச் செலவை ஒரு சதவீதமாவது ஆக்கணும். மாணவர் உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் வரணும். கருவிக்கு வரி கூடாது. பிளாச்சிமடைப் பணம் வரணும். கிணறுகளில் மானி வைக்கணும்.

தரகர்: எழுதியாச்சு. ஆனா எம்.பி. ஒண்ணு கேட்பாரு. இதுல போட்டோ எடுக்க என்ன இருக்குது?

சார்: காவலூர் இருக்கு. ஜவ்வாது மலையில். வானியலாளர் வைணு பாப்பு கனவு கண்டு கட்ட ஆரம்பிச்ச 2.34 மீட்டர் தொலைநோக்கி. அவர் 1982-ல் போயிட்டார், முடிஞ்சதைப் பார்க்கலை. அதே காவலூர்ல, இதைவிடச் சின்னக் கருவியை வச்சே 1977-ல் யுரேனஸ் வளையத்தின் தடயம் பதிவாச்சு.

தரகர்: பெரிசை யாருங்க திறந்தது?

சார்: 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி. பிரதமரே மலையேறி வந்தார்.

தரகர்: பார்த்தீங்களா, வராங்கல்ல! அதுக்கப்புறம் வந்த புதுசுக்கு யார் வந்தாங்க?

சார்: வர்றதுக்குப் பெரிசா ஒரு புதுசு வேணுமே. அதைவிடப் பெரிய கண்ணாடி தென்னிந்தியாவில் இன்னும் வைக்கப்படலை.