பொன்னாடை வேண்டாம், மைக்கைப் பக்கத்துல வையி

வா அப்பு, உக்காரு. அந்தக் கட்டில்ல வேணாம், கால் ஆடும். திண்ணையில உக்காரு. போன மாசந்தான் ரிட்டயர் ஆன, இந்த மாசமே கையில ரசீதுப் புத்தகமா? அறுபது வயசு வரைக்கும் ஃபைலுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தவன், ஊர்க் கெழடுகளுக்கு அறிவு குடுக்கக் கெளம்பிட்ட. சந்தோசம். மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை, நூலகத்துல, மூத்தோருக்குச் சொற்பொழிவு. தலைமை நான். நோட்டீசும் அடிச்சாச்சு. என்னைக் கேக்காமலே பேருக்கு முன்னால 'பெருந்தகை'ன்னு வேற போட்டிருக்க. அப்படின்னா பொன்னாடை நிச்சயம்.

பெட்டியில ஏற்கெனவே ஆறு கெடக்கு அப்பு. போர்த்துனாக் குத்துது, தொடைச்சா ஈரம் இழுக்கல. மார்கழிப் பனியில கன்னுக்குட்டிக்குப் போட்டுப் பாத்தேன். ஒதறிட்டுப் போயிருச்சு. அதுக்கு இருக்குற புத்தி நமக்கு இல்ல.

நம்ம ஊருக் கூட்டம் எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியாதா? வரவேற்புரை ஒருத்தன், முன்னிலை நாலு பேரு, வாழ்த்துரை ஏழு பேரு. வாழ்த்த வந்தவன் ஒவ்வொருத்தனும் 'நேரத்தின் அருமை கருதி'ன்னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் தின்பான். படிச்ச மனுசன் கையில மைக்கு வாரப்ப மணி ஒண்ணு ஆயிருக்கும். பாதிப் பேருக்கு சுகர் மாத்திரை நேரம், மீதிப் பேரு கொறட்டை. காரைக்குடியில சா. கணேசன் ஐயா 1939ல கம்பன் விழா ஆரம்பிச்சாக. நேரம்னா நேரம். எங்க பெரியப்பா பங்குனி ஆனா பஸ் ஏறிப் போயிருவாரு. கைநாட்டு ஆளுதான், ஆனா ராமாயணத்துல ஒரு எடத்தைத் தப்பாச் சொல்லிட்டு அவரைத் தாண்டிப் போயிர முடியாது. எல்லாம் கேட்டே கத்துக்கிட்டது. அதனால நம்ம ஆளுக கேக்க மாட்டாகன்னு நெனைக்காத. கேக்குற மாதிரி பேசு, அம்புட்டுத்தான்.

மொதத் தலைப்பு என்ன வச்சிருக்க? 'முதுமை ஒரு வரம்'. வரம்னா நீயே வச்சுக்க அப்பு. முட்டி வலிக்கிறவனக் கூப்புட்டு உக்கார வச்சு, வலி வரம்னு சொன்னா அவன் என்ன பண்ணுவான்? எந்திரிச்சுப் போகவும் முடியாது, முட்டி விடாது.

கெழவனுக்கு ஆறுதல் வேணாம், சேதி வேணும். ஒரு கதை சொல்றேன் கேளு.

நான் சின்னப் பயலா இருக்கப்ப ஆடு மேச்சது பூராம் குடுமியான்மலைப் பக்கந்தான். கோயிலை ஒட்டி ஒரு பாறைச் சரிவு, மேலக்கோயில் குகைக்குப் பக்கத்துல. நெழல் விழுந்துருச்சுன்னா அதுல முதுகைச் சாச்சுக்கிட்டுத்தான் தூக்குச்சட்டியத் தொறப்பேன். பாறையில என்னமோ வரி வரியா எழுத்து, கோழி கிளறுனாப்புல. முதுகு அரிச்சா அதுலயே தேச்சுக்குவேன். எழுபது வயசுல டவுன்ல ஒரு கூட்டம். மழைக்கு ஒதுங்கத்தான் போனேன், பொய் சொல்லல. பேசுன ஐயா படம் போட்டுக் காட்டுனாரு. பாத்தா நம்ம பாறை! ஏழாம் நூத்தாண்டாம், கிரந்த எழுத்தாம், அதுல இருக்கது பூராம் பாட்டுக்குண்டான சுரமாம். நாலு நாலாச் சேத்து வெட்டி வச்சிருக்கு. மகேந்திர பல்லவன் வெட்டுனதுன்னு ஒரு கட்சி, இல்லேன்னு ஒரு கட்சி. கடைசியில தமிழ்ல ஒரு குறிப்பு, எட்டுக்கும் ஏழுக்கும் இது ஆகும்னு. எட்டுன்னா எது, ஏழுன்னா எதுன்னு கையத் தூக்கிக் கேட்டேன். "அதுலதான் ஐயா அறிஞர்களுக்குள்ளயே சண்டை"ன்னாரு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அத்தனை சங்கீதத்தையும் முதுகு சொறியத்தானே வச்சிருந்தோம்னு.

அந்த மாதிரி ஆளாப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வா. கண்ணுல வக்கிற லென்சு எப்படி உள்ள போகுதுன்னு ஒரு டாக்டர் சொல்லட்டும். பேங்குல இருந்து பேசுறேன்னு ஓடிபி கேக்குறானே, அவன் எப்படி ஏமாத்துறான்னு ஒரு போலீஸ்காரர் சொல்லட்டும்.

நீ என்னமோ புதுசாக் கண்டுபுடிச்சாப்புல பேசுற. பேத்தி போன்ல படிச்சுச் சொன்னா. பிரான்சுல துலூஸ்னு ஒரு ஊரு, 1973ல பியர் வெல்லாஸ்னு ஒரு பேராசிரியர் வயசானவுகளுக்குன்னே பல்கலைக்கழகத்துல எடம் விட்டாராம். 'மூணாம் வயசுப் பல்கலைக்கழகம்'னு பேரு. 1981ல இங்கிலாந்துக்காரவுக, கேம்பிரிட்ஜ்ல, அதை மாத்திட்டாக. பெரிய வாத்தியாரு வந்து பேசட்டும்னு காத்துக்கெடக்க வேணாம், ஒனக்குத் தெரிஞ்சதை நீ சொல்லு, எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன்னு. பரீட்சையும் கெடையாது, பட்டமும் கெடையாது. இது எனக்குப் புடிச்சிருக்கு. நம்ம கொசவர் வீட்டுப் பெரியவரு மண்ணு பதம் பாக்குறதைப் பத்திப் பேசுனா, காலேசு வாத்தியாரும் நோட்டு எடுக்கலாம்.

பரீட்சை வேணும்னு நிக்கிறவுகளும் உண்டு. கேரளாவுல, ஆலப்புழைப் பக்கம், கார்த்தியாயினி அம்மான்னு ஒருத்தவுக இருந்தாக. கோயில்ல கூட்டிப் பெருக்குன மனுசி. 2018ல, 96 வயசுல, எழுத்தறிவுப் பரீட்சை எழுதி நூத்துக்கு 98 வாங்குனாக. 2020ல ஜனாதிபதி கையால விருது. நீ பத்தாவதுல கணக்குல எம்புட்டுன்னு நான் கேக்கல.

கேரளா வரைக்கும் எதுக்குப் போகணும்? நம்ம புதுக்கோட்டையிலயே 1991ல அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்துச்சுல்ல. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா இருந்த காலம். பொழுது சாஞ்சா வெளக்க வச்சுக்கிட்டு, பத்தாவதுல கோட்டு அடிச்ச பய ஒருத்தன் ஊருப் பொம்பளைகளுக்கெல்லாம் 'அ'னா 'ஆ'வன்னா. ஒஞ் சித்தியும் போனா, அப்ப நாப்பது வயசு. நான் சிரிச்சேன். "கலெக்டர் வேலைக்கா?"ன்னு கேட்டேன். எழுத்தோட சைக்கிளும் சேத்துக் கத்துக்கிட்டாளுக; லேடீஸ் சைக்கிள் கெடைக்காம, பார் வச்ச ஆம்பளைச் சைக்கிள்லயே ஓட்டிப் பழகுனாளுக. அதுக்கும் சிரிச்சேன். ஆறு மாசங் கழிச்சு டீக்கடைப் பத்துக்கணக்கு நோட்டை அவ கையில எடுத்தா பாரு, அன்னைக்கு நின்னுச்சு சிரிப்பு. ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி, கடை முழுக்கக் கேக்க வாசிச்சா: "டீ மூணு. வடை ரெண்டு. பீ... டி... ஒரு கட்டு." பீடியை விட்டுட்டேன்னு அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணி ஒரு வருசம் ஆயிருந்துச்சு அப்பு.

சரி, ரசீது போடு. அம்பது ரூவா எழுதிக்க. தலைமைக்கு வேற ஆளப் பாரு. எனக்கு மொத வரிசையில, சாய்வு வச்ச நாற்காலி ஒண்ணு, மைக்குப் பக்கத்துல. எடது காது மந்தம், அதனால வலது பக்கமா. காலையில பத்தரைக்கு வச்சுக்க. கக்கூஸ் சாவி யாருகிட்ட இருக்குன்னு மொதல்லயே சொல்லிரு. பேச வார ஐயாகிட்டயும் சொல்லி வையி, பல்லில்லாத கெழவன் ஒருத்தன் நடுவுல கையத் தூக்குவான்னு.

இன்னொண்ணு. வருகை நோட்டுல என் பேரை நீயே எழுதிக்க, எனக்குக் கை நடுங்குது. ஒஞ் சித்தி பேரை எழுதிறாத. அவளே எழுதிக்கிருவா.