தூக்கத்துக்கு அழுவுது

நான் சிறுவனாக இருந்த காலத்தில் அத்திப்பட்டுக்கு இரவு ஏழரை மணிக்கே வந்துவிடும். அதை எதிர்த்து நிற்க ஊரில் வெளிச்சம் இல்லை. வீட்டுக்கு ஒரு அரிக்கேன் விளக்கு, அதற்கும் மண்ணெண்ணெய் அளந்துதான். சாப்பிட்ட கையோடு பாயில் விழுவோம். எட்டு மணிக்கு ஒரு பிள்ளை முழித்திருந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

இதில் பெரியவர்களின் ஞானம் என்று ஒன்றுமில்லை. கொசுவும், எண்ணெய்ச் செலவும், விடியுமுன் உப்பளத்துக்குக் கிளம்பும் அவசரமும் சேர்ந்து எங்களைப் படுக்க வைத்தன. குழந்தை வளர்ப்பில் என் ஆயாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சூத்திரம். எந்தப் பிள்ளை மண்ணில் புரண்டு கத்தினாலும் திண்ணையிலிருந்தே தீர்ப்பு வரும்: "அதுக்கு ஒண்ணுமில்லடி, தூக்கத்துக்கு அழுவுது. தூளியில போடு." பழம்புடவை உத்தரத்தில் ஏறும். நாலு ஆட்டில் தீர்ப்பு உறுதியாகிவிடும்.

1994-ல் வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் அலகு இங்கே ஓட ஆரம்பித்தது. பிறகு எண்ணூர்த் துறைமுகம், வல்லூர் மின் நிலையம், ராத்திரி பகல் பார்க்காத கன்டெய்னர் லாரிகள். மாநிலத்துக்கே வெளிச்சம் அனுப்புகிற ஊர் எட்டு மணிக்குப் படுத்தால் மரியாதையா?

என் பேரனுக்கு நாலு வயது. நிலா வடிவத்தில் எல்இடி விளக்கு, தாலாட்டுப் பாட ஆப், யானை போட்ட மெத்தை எல்லாம் இருக்கிறது. தூக்கம் மட்டும் பதினொன்றரைக்கு வரும். அவன் அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் 'பி' ஷிஃப்ட். பத்து மணிக்கு விட்டு, வீடு சேரப் பதினொன்று. அப்பன் முகம் பார்க்காமல் பிள்ளை படுக்குமா? காலை ஆறரைக்கு உலுக்கி எழுப்பி வேனில் ஏற்ற வேண்டும். அங்கன்வாடியாவது மதியம் சோறு போட்டுப் படுக்க வைத்திருக்கும். இங்கிலீஷ் வரட்டும் என்று எல்கேஜியில் சேர்த்தார்கள். அங்கே தூக்கத்துக்குப் பீரியட் கிடையாது.

மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இவனுக்குக் கிடைப்பது ஏழு. பாக்கியை வகுப்பில் வசூலிக்கிறான். பென்சில் முனை உடைந்தால் தரையில் உருளுகிறான். பக்கத்துப் பையனின் ரப்பரைப் பிடுங்குகிறான். 'செல்ஃப் ரெகுலேஷன் போதவில்லை', அதாவது தன்னை அடக்கிக்கொள்ளத் தெரியவில்லை என்று டயரியில் மிஸ் எழுதி அனுப்பினார்.

மருமகள் தேடிப் படித்துவிட்டு வந்தாள். "மாமா, 2012-ல கொலராடோ பல்கலைக்கழகத்துல மோனிக் லெபூர்ஷுவான்னு ஒருத்தங்க குழு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க." இரண்டரை, மூன்று வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர். ஒரு நாள் மதியம் தூங்க விட்டார்கள், இன்னொரு நாள் விடவில்லை. படப்புதிர் கொடுத்தார்கள், ஒன்றில் வேண்டுமென்றே பொருந்தாத துண்டு. தூங்காத நாளில், புதிரைச் சேர்த்து முடித்தபோதும் சந்தோஷம் 34 சதவீதம் குறைந்தது. சேராத புதிரில் எரிச்சல் போன்ற எதிர்மறை உணர்ச்சிகள் 31 சதவீதம் கூடின. 'இதில் ஏதோ சரியில்லையே' என்ற குழப்பம்கூட 39 சதவீதம் குறைந்துபோனது. குழம்பினால்தானே பிள்ளை பெரியவர்களைக் கேட்கும்?

தூக்கம் கெட்டால் பெரியவன் சோர்ந்து விழுவான், பிள்ளை துள்ளும். அதனால்தான் தூக்கத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆசையையும் ஆத்திரத்தையும் இழுத்துப் பிடிக்கும் மூளையின் முன்பகுதி அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. களைத்தால் அதன் பிடி தளர்ந்துவிடும்.

கொலராடோ எந்தத் திசை என்று ஆயாவுக்குத் தெரியாது. அதற்காக அவளைக் கும்பிடவும் வேண்டாம். 'பி' ஷிஃப்ட் மகன் இருந்திருந்தால் அவளும் பேரனை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பாள். பிள்ளையின் தூக்கத்தை அன்று உப்பளம் முடிவு செய்தது, இன்று ஷிஃப்ட் சைரன் முடிவு செய்கிறது. டயரியில் ரிமார்க் மட்டும் பிள்ளையின் பேரில்.

பள்ளிக்கூடமும் சும்மா இருக்கவில்லை. 'குழந்தைகளின் தூக்கம்: பெற்றோர் கவனத்துக்கு' என்று ஆன்லைனில் கூட்டம் போட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களின் வசதிக்காக இரவு ஒன்பது மணிக்கு. குழந்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் நல்லது என்று கீழே ஒரு குறிப்பு.