சந்தா செலுத்தாச் சான்றோர்க்கு ஓர் உபசாரப் பத்திரம்

அவிநாசியிலும் அதைச் சூழ்ந்த கொங்கு நன்னாட்டிலும் வாழ்ந்து சிறக்கும் இலக்கிய ஆர்வலப் பெருமக்களின் திருச்சமூகத்தில் பணிந்து வாசித்தளிக்கும் உபசாரப் பத்திரம்.

ரசிக சிகாமணிகளே!

சிற்றிதழ் ஒன்று நின்றுபோயிற்று என்ற சேதி காதில் விழுந்த மறுகணமே தாங்கள் கண் கலங்கி நின்ற திருக்கோலத்தைத் தரிசித்தோம். தரிசித்தபின் பாடாதிருக்க நாவுக்குக் கூடவில்லை. உலகத்தில் மற்ற ஊர்க்காரர்கள் படித்த இதழுக்காக அழுவார்கள். காசு கொடுத்து வாங்கிய இதழுக்காக அழுவார்கள். அது வரவு செலவு பார்த்து அழுகிற அழுகை. தபாலில் வந்த உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கிவைத்த இதழுக்காக இப்படி உள்ளம் உருகும் பெருந்தன்மை தங்களையன்றி வேறு யாருக்கு வாய்க்கும்?

குமணன் வழிவந்த கொடைவள்ளல்களே!

நாடிழந்து காட்டில் இருந்தபோது, தன்னைத் தேடி வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாமல், வாளை நீட்டித் தன் தலையைக் கொண்டுபோகச் சொன்னான் குமணன். முதிரமலை ஆண்ட அந்த வள்ளல் எங்கள் கொங்கு மண்ணுக்குச் சொந்தக்காரன் என்று மேடைக்கு மேடை நாம் மார்தட்டுகிறோம். ஆனாலும் அவன் அவசரக்காரன். இருந்த ஒரு தலையையும் ஒரே புலவனுக்குக் கொடுத்துவிட்டால் அடுத்து வருகிறவனுக்கு என்ன செய்வது? அந்தப் பிழையைத் தாங்கள் செய்யவில்லை. தலையைக் கழுத்திலேயே பத்திரமாக வைத்துக்கொண்டு, வந்த ஒவ்வோர் இதழாசிரியருக்கும் அதை அசைத்துக் காட்டினீர்கள். அசைத்தும் குறையாத செல்வம் அது.

விருந்தோம்பலின் சிகரங்களே!

ஜோல்னாப் பையில் பிரதிகளைத் திணித்துக்கொண்டு, கோவையில் பஸ் ஏறி, அவிநாசியில் இறங்கி, வெயிலில் நடந்து வந்த ஆசிரியரைத் தாங்கள் எதிர்கொண்டழைத்த காட்சி காவியத்தில் ஏற வேண்டியது. "வாங்க, வாங்க. ஏனுங்க இப்படி எளச்சுப் போயிட்டீங்க? டேய் தம்பி, அண்ணனுக்கு ஒரு டீ சொல்றா." டீ வந்தது, துணைக்கு முறுக்கும் வந்தது. தாங்கள் இதழைக் கையில் வாங்கி, அட்டையைத் தடவி, நடுப்பக்கம் விரித்து மூக்கருகே பிடித்து, கண் மூடி மை வாசம் நுகர்ந்தீர்கள். "தமிழ்ல இன்னைக்கு இது ஒண்ணுதானுங்க பத்திரிகை!" ஆசிரியர் தயங்கித் தயங்கி ரசீதுப் புத்தகத்தை வெளியே எடுத்தார். அப்போதுதான் தங்கள் மாண்பு முழு நிலவாக ஒளிர்ந்தது. "அட, அதுக்கென்னங்க! நம்ம பத்திரிகை. அடுத்த மாசம் ரெண்டு வருசத்துக்குச் சேத்துக் குடுத்தர்றனுங்க. நாம எங்கீங்க போயிரப் போறோம்?"

தாங்கள் எங்கும் போகவில்லை. சொன்ன சொல்லும் மாறவில்லை. அந்த அடுத்த மாசம் இன்றைக்கும் அடுத்த மாசமாகவே இருக்கிறது.

கணக்கறிந்த கனவான்களே!

தாத்தா காலத்து மொய் நோட்டைப் பரணிலிருந்து இறக்கி, யார் வீட்டார் எவ்வளவு வைத்தார்கள் என்று விரல் வைத்துப் பார்த்து, அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்கிற நாணயம் இந்த மண்ணின் தனிப்பெருமை. காதுகுத்துக்கும் கெடா வெட்டுக்கும் செய்முறை தவறினால் தங்களுக்குச் சோறு இறங்காது. அத்தகைய தங்கள் கணக்கில் இதழின் சந்தா மட்டும் ஏறாமல் போனதை மறதி என்று சிலர் பிதற்றுகிறார்கள். மறதியா? சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும் என்று முகவரிச் சீட்டின்மேல் சிவப்பு மையில் முத்திரை குத்தி மாதம் தவறாமல் வந்துகொண்டுதானே இருந்தது! அந்தச் செம்மையைத் தாங்கள் திலகமாக ஏற்றீர்களேயன்றிக் கடனாகத் தரம் தாழ்த்தவில்லை. இலக்கியம் பணத்துக்கு அப்பாற்பட்டது என்னும் கொள்கையில் தாங்கள் மலைபோல் நின்றீர்கள். காகிதக் கடைக்காரரும் அச்சகத்தாரும் பைண்டிங் செய்கிறவரும்தான் அந்தக் கொள்கையின் உயரம் எட்டாமல் பில்லை நீட்டினார்கள். தபால் இலாகாவும் தன் பங்குக்கு 2024 டிசம்பரில், குறைந்த கட்டணத்தில் புத்தகம் அனுப்ப உதவிய புக் போஸ்ட் வசதியை நிறுத்திக்கொண்டது. அதைக் கண்டித்து முதலில் குரல் எழுப்பியவர்களும் தாங்களே. தங்கள் வீட்டுக்கு இலவசப் பிரதி வருவதற்கு இடையூறு நேர்ந்தால் தங்கள் அறச்சீற்றம் பொறுக்குமா?

பரம்பரைப் பெருமை படைத்தோரே!

இந்தப் பண்பு நேற்று முளைத்ததன்று. 1920இல் பாரதி தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட எண்ணி, கடனாகப் பணம் தந்து உதவும்படி அன்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தான். நம் முன்னோர் அதற்கு அளித்த மறுமொழி மௌனம். மௌனத்தினும் கண்ணியமான மறுமொழி ஏது? அடுத்த ஆண்டு ஈரோட்டுக்கு வந்து, கருங்கல்பாளையம் வாசகசாலையில் மனிதனுக்கு மரணமில்லை என்று பேசிவிட்டுப் போனவன் சில வாரங்களில் மரித்தான். அவன் இருந்தவரை செலவைக் கட்டுப்படுத்தி வைத்திருந்ததனால் அல்லவா பிற்பாடு ஊருக்கு ஊர் சிலை வைக்க முடிந்தது?

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். 2,000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தமக்குத் தாமே ஒரு வரம்பும் விதித்துக்கொண்டார். அந்த விரதத்துக்குப் பங்கம் வராமல் பதினோரு ஆண்டுக்கு மேல் அவரைக் காத்தருளிய புண்ணியம் தமிழ் வாசகர்களையே சேரும். ந. பிச்சமூர்த்தி, தருமு சிவராமு, பசுவய்யா, சி. மணி, வைதீஸ்வரன் என்று புதுக்கவிதை தழைத்தது அந்தப் பக்கங்களில்தான். கவிதை தழைத்தால் போதாதா, கவிதை அச்சான இதழும் தழைக்க வேண்டுமென்பது பேராசை அல்லவா? 1970இல், 119ஆவது இதழோடு 'எழுத்து' நின்றது. செல்லப்பா புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். அவர் தோள் உரம் பெற வேண்டும் என்ற கரிசனத்தால்தான் எவரும் அந்தச் சுமையைக் குறைக்க முற்படவில்லை. 1998 டிசம்பரில் அவர் காலமானார். 'சுதந்திர தாகம்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தது. மாலை போட்டால் கழுத்து வலிக்குமே என்று எண்ணிப் பார்க்கும் மென்மையுள்ளம் நம் நாட்டில் நிறுவனங்களுக்கும் உண்டு.

சொந்த மண்ணின் சுடர்களே!

வெளியூர்ப் பெருமை எதற்கு? 1971இல் கோவையில் 'வானம்பாடி' பிறந்தது. விலையிலாக் கவிமடல் என்று அட்டையிலேயே எழுதிக்கொண்டு வந்தது. புவியரசு, சிற்பி, ஞானி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன் என்று பெரும்பட்டாளம். பலர் மாதச் சம்பளக்கார ஆசிரியர்கள். தம் சட்டைப்பையிலிருந்து எடுத்து அச்சடித்து, இனாமாகக் கையில் கொடுத்தார்கள். விலையில்லை என்ற இன்சொல்லைக் கேட்டதும் தங்கள் ரசனை எப்படிப் பூத்துக் குலுங்கிற்று! அந்தப் பொற்காலத்தை இன்றும் தாங்கள் நாத்தழுதழுக்க நினைவுகூர்கிறீர்கள். அன்று தொட்டு இதழ் என்றால் இனாம் என்ற இலக்கணத்தை வழுவின்றிக் கடைப்பிடித்தும் வருகிறீர்கள்.

அதே ஞானி, பக்கத்துச் சோமனூரில் பிறந்த தமிழாசிரியர், 'நிகழ்' நடத்தினார். நடுவிலேயே சர்க்கரை நோய் அவர் கண்களைப் பறித்தது. வந்த கட்டுரைகளைப் பிறர் படிக்கக் கேட்டார். தம் எழுத்தைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். மார்க்சியமும் தமிழ் மரபும் அந்தப் பக்கங்களில் நேருக்கு நேர் வாதாடின. 'நிகழ்' நின்றபின் 'தமிழ்நேயம்' என்று மறுபடி ஆரம்பித்தார். பார்வையில்லாத ஒருவர் எழுத்து எழுத்தாகச் செவியால் வாசித்து அனுப்பிய இதழை, பழுதில்லாத இரண்டு கண்களோடு தாங்கள் வாசிக்காமலே பாராட்டினீர்கள். வாசித்துவிட்டுப் பாராட்டுவது எவருக்கும் ஆகும். வாசிக்காமல் பாராட்டத்தான் தவம் வேண்டும். 2020 ஜூலையில் அவர் மறைந்தபோது தாங்கள் எழுதிக் குவித்த அஞ்சலிகளில் பத்தில் ஒன்று சந்தாவாக வந்திருந்தால் அவர் இன்னும் எத்தனை இதழ் நடத்திச் சிரமப்பட்டிருப்பாரோ! அந்தச் சிரமத்தைத் தாங்கள் அவருக்குத் தரவில்லை.

எழுதுகோல் ஏந்திய ஏந்தல்களே!

வாசகர்களை மட்டும் வாழ்த்திவிட்டுப் படைப்பாளிகளை விடுவது பாவம். இதழுக்குத் தாங்கள் கவிதை அனுப்பினீர்கள். வரும்வரை வாரம் இருமுறை விசாரித்தீர்கள். வந்ததும், "அஞ்சு பிரதி சேத்து அனுப்பி வுட்டீங்கன்னா சொந்தக்காரங்களுக்குக் குடுக்கறதுக்கு ஆகுமுங்க" என்று அன்பு பாராட்டினீர்கள். பக்கத்துப் பக்கத்தில் யார் எழுதியிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துப் பிறர் எழுத்தில் கண் வைக்கும் அநாகரிகம் தங்களிடம் அறவே இல்லை. தன் பக்கத்தை மட்டும் வாசிக்கும் கற்பு நெறி அது.

அஞ்சலிக் கலை வித்தகரே!

இதழ் மூடிய பிறகு தாங்கள் காட்டிய சுறுசுறுப்பை என்னென்று புகழ்வது? ஆறு வருடச் சந்தாவுக்கு ஈடான காசில் ஒரே ராத்திரியில் ஃபிளெக்ஸ் எழுந்தது. மண்டபத்துக்கு முன்பணம், ஒலிபெருக்கிக்கு ரொக்கம், மேடையேறிய ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. கடன் சொன்ன குரல் ஒன்றுகூட அன்று கேட்கவில்லை. "கடைசி வரைக்கும் சமரசம் பண்ணிக்காத பத்திரிகைங்க" என்று ஒருவர் விம்மினார். "விளம்பரம் வாங்கியிருக்கலாம், சினிமா நாலு பக்கம் போட்டிருக்கலாம், ஆசிரியருக்கு நடத்தத் தெரியல" என்று இன்னொருவர் தேர்ந்த ஆலோசனை வழங்கினார். "நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வுட்டிருப்போமுங்களா?" என்று மூன்றாமவர் உரிமையோடு கோபித்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தை ஒவ்வோர் இதழின் கடைசிப் பக்கத்திலும் கட்டம் கட்டி அச்சாகியிருந்தது. உறையைப் பிரிக்காத புனிதர்களுக்கு அது எப்படித் தெரியும்? கூட்டம் கலைகையில் எழுந்த கேள்வியே முத்தாய்ப்பு: "பழைய இதழெல்லாம் பி.டி.எஃப். இருக்குங்களா? இருந்தா அனுப்பி வுடுங்க."

தலபுராணம் உணர்ந்த தவச்செல்வரே!

சுந்தரர் அவிநாசி வந்தபோது ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம். எதிர் வீட்டில் அழுகுரல். மடுவில் முதலை விழுங்கிய பிள்ளையை எண்ணி எண்ணிப் பெற்றோர் அழுதார்கள். சுந்தரர் பதிகம் பாட, இடையில் கழிந்த ஆண்டுகளின் வளர்த்தியோடு பிள்ளையை முதலை கரைக்குக் கொண்டுவந்து உமிழ்ந்தது. அந்தக் காலத்தில் வசதி குறைவு. விழுங்கியது ஒரு வாய். அழுதது வேறொரு வாய். இரண்டையும் ஒரே வாயால் நிறைவேற்றும் ஆற்றல் தங்கள் காலத்தில்தான் கைகூடிற்று.

இத்தனை பெருமைக்கும் ஈடாக, 'சந்தா விலக்கிய சான்றோர்', 'அடுத்த மாசம் அண்ணல்', 'அஞ்சலிச் செம்மல்' ஆகிய பட்டங்களைத் தங்களுக்குச் சூட்டி மகிழ்கிறோம். விவரம் புரியாத இளைஞர் எவராவது நாளைக்கு இன்னொரு இதழைத் தொடங்கி, ரசீதுப் புத்தகத்தோடு தங்கள் வாசலில் வந்து நின்றால், டீயும் முறுக்கும் குறைவின்றிக் கொடுத்தருள்க. தலையசைப்பில் ஒரு பாதிகூடக் குறைக்காதிருப்பீராக. சொந்தப் பணம் போட்டு அச்சடிக்கும் அப்பாவிகளின் குலம் அருகிக்கொண்டே வருகிறது. இருப்பவர்கள் தீர்ந்ததும் தாங்கள் பிரிக்க வேண்டிய உறையும் வராது, புதுப்பிக்க வேண்டிய சந்தாவும் இராது, இரங்கல் கூட்டம் நடத்த ஓர் இதழும் மிஞ்சாது. யாரும் எதுவும் கேட்டுத் தொந்தரவு செய்யாத அந்தப் பெருவாழ்வைத் தாங்கள் தங்கள் கையாலேயே ஈட்டியிருக்கிறீர்கள். அது முழுக்க முழுக்கத் தங்கள் சம்பாத்தியம்; பல்லாண்டு இருந்து அனுபவிப்பீர்களாக!