1986-லேயே குடியிருப்பவர்

ஹெவி மெட்டல் ரசிகரிடம் "இப்போது என்ன கேட்கிறீர்கள்?" என்று விசாரித்துப் பாருங்கள். "எல்லாமும்தான்" என்பார். தோண்டினால், 1986-ஐ விட்டு மனிதர் வெளியே வந்தே இருக்கமாட்டார். மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்', மெகாடெத்தின் 'பீஸ் செல்ஸ்'... எல்லாம் அந்த வருஷத்துச் சரக்கு. குலதெய்வமாக மட்டும் 1970-இன் பிளாக் சபாத்.

ஸ்லேயர் ஆல்பம் அரை மணி நேரம்கூட ஓடாது. ஸ்லீப் குழுவின் 'டோப்ஸ்மோக்கர்' ஒரே பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல். அதுவும் ஆமை வேகத்தில். நேபால்ம் டெத்தின் 'யூ சஃபர்' இரண்டு நொடிகூட இல்லை, தும்மினால் தவறிவிடும். மூன்றுக்கும் அவர் தரும் சிபாரிசு ஒன்றுதான்: "முழுசாகக் கேட்டால்தான் புரியும்."

1991-இல் வந்த மெட்டாலிகாவின் கறுப்பு அட்டை ஆல்பத்துக்கு மட்டும் பட்டியலில் இடமில்லை. கோடிக்கணக்கில் விற்று, மெட்டல் என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறவர்களுக்கும் அது பிடித்துத் தொலைத்துவிட்டது. மன்னிக்கக்கூடிய குற்றமா? அதன் பாட்டுகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம் என்பது வேறு விஷயம்.