பேட்ச் நிலையறிதலில் அளவைகள்: ஓர் ஆய்வு

ஒரு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளருள் எவர் எந்தப் பேட்ச்சை நிறுவியுள்ளார் என அறிய முற்படும்போது எழும் ஐயங்கள், சைவ சித்தாந்த அளவையியல் முன்பே ஆராய்ந்தவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பேட்ச் என்பது, விற்பனைக்குப் பின் கண்டறியப்பட்ட பிழையை நீக்க வெளியிடப்படும் சிறு திருத்தம்; விற்பனைக்கு முன்பே தெரிந்திருந்த பிழைக்கும் இதுவே மருந்தாயினும், எந்த ஆவணமும் அதனை ஒப்புக்கொள்வதில்லை.

ஒன்றையொன்று சாராத 10 பேட்ச்கள் இருப்பின், ஒவ்வொன்றும் நிறுவப்பட்டது, நிறுவப்படாதது என இரு நிலை கொள்வதால், ஒரு கணினி 1,024 நிலைகளுள் எதிலும் இருக்கலாம். பேட்ச்கள் 20 ஆயின் இத்தொகை 10,48,576 ஆகும். சில நூறு வாடிக்கையாளரே உடைய நிறுவனம், அவர்கள் அனைவருக்கும் ஒரே மென்பொருளை விற்றதாகக் கூறிக்கொள்வது மரபுவழக்கு மட்டுமே.

கணினியின் இந்நிலையை அறியும் வழிகளாகிய அளவைகள் உரை, கருதல், காட்சி என மூன்று. உரையாவது நம்பத்தகுந்தோர் கூற்று. வாடிக்கையாளர் தொலைபேசியில் மொழியும் “எல்லாம் போட்டாச்சு சார்” என்னும் வாக்கியம் இதனுள் அடங்காது. ஏனெனில் அதனைக் கூறுபவர் பேட்ச் போட்டவர் அல்லர், போட்டவரோ வேலையை விட்டுச் சென்றிருப்பார். கருதலாவது புகை கண்டு நெருப்பு உணர்தல். ஏழாம் பேட்ச் நீக்கிய பிழை இன்னும் தோன்றுவதைக் கொண்டு அது நிறுவப்படவில்லை எனப் பொறியாளர் முடிவுசெய்வது இவ்வகையது. ஆயினும் எட்டாம் பேட்ச் அதே பிழையை மீண்டும் உயிர்ப்பித்திருக்கக்கூடுமாதலின், தீயணைப்பானும் புகை எழுப்பும் இத்துறையில் கருதல் செல்லாது.

எஞ்சியது காட்சி. ஐபிஎம் பெருங்கணினிகளில் எஸ்எம்பி/இ என்னும் கருவியும், ஆரக்கிளில் ஓபேட்ச் என்பதும் நிறுவப்பட்டவற்றின் பதிவைக் கணினியிலேயே பேணுவதால், அதனை நேரில் படித்தறியலாம். எனினும் நிறுவிய பின் கணினியை மறுதொடக்கம் செய்யாது விட்டவரிடத்து இது ஐயக்காட்சியாகவும், உண்மைச் சர்வருக்குப் பதிலாகச் சோதனைச் சர்வரின் பதிவை அனுப்பியவரிடத்துத் திரிபுக்காட்சியாகவும் முடியும். இவ்வாராய்ச்சி வீண் எனக் கருதுவோர் 2017ஆம் ஆண்டை நோக்குக: ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தும், அது நிறுவப்படாத கணினிகள் வழியே மே 12 அன்று வானாக்ரை என்னும் தீம்பொருள் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றை நிலைகுலையச் செய்தது.

திருத்தங்களைத் தனித்தனியே வழங்காது, முந்தையவற்றையும் உள்ளடக்கிய மாதத் தொகுப்பாக வழங்குவதே நிலைகள் பெருகும் இச்சிக்கலுக்குக் காணப்பட்ட தீர்வு; விண்டோஸ் 7, 8.1 ஆகியனவும் 2016 அக்டோபரில் இம்முறைக்கு மாறின. இதன்படி 10 தொகுப்புகளுக்கு 1,024 நிலைகள் இல்லை, 11 மட்டுமே உள. ஆனால் பழைய பிரிண்டர் நின்றுவிடும் என்றஞ்சி ஒரு திருத்தத்தை மறுப்பவர், அதனை உள்ளடக்கிய பின்னைய தொகுப்புகள் அனைத்தையும் மறுத்தாக வேண்டும். அத்திருத்தம் முதல் தொகுப்பிலேயே இருந்துவிட்டால், 11 நிலைகளுள் அவர் எதில் நிற்கிறார் என்பது எந்த அளவையும் வேண்டாமலே விளங்கும்: எதுவும் நிறுவாத முதல் நிலையில்.